பாவு இல்லாமல் ஓடிய தறி

எங்கள் அம்மா தறி ஓட்டிக்கொண்டே பாட்டுப் பாடுவாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்தது நான்தான். அது என்ன பாட்டு என்று சிநேகிதி ஒருத்தி கேட்டபோதுதான், அம்மா பாடி ஒரு வரிகூட நான் காதால் கேட்டதில்லை என்பது உறைத்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருத்தணியில் மலைக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி எட்டு விசைத்தறி போட்ட எங்கள் ஷெட். அதில் லுங்கி நெய்வோம். எட்டும் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தைப் படிக்க வருவதற்கு முன்பே உதட்டைப் படிக்க வந்துவிடும். நூல் அறுந்துவிட்டது, டீ வந்துவிட்டது, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், எல்லாம் உதட்டிலேயே நடக்கும். இதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரி. எதையும் நோண்டாமல் விடமாட்டேன் என்பதால் நைனா என்னை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம்.

அந்த வருஷம் தம்பி பிறந்திருந்தான். எனக்குப் பிறகு இத்தனை வருஷம் கழித்து வந்த பிள்ளை. தெருவே வந்து பார்த்தது. வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள். "முருகன் குடுத்த புள்ள. உனுக்கு இனிமே இன்னா கொற?" அம்மா அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தலை வாரமாட்டாள். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். தம்பி அழுதால் அது வேறு யார் வீட்டிலோ கேட்பதுபோல் சுவரைப் பார்ப்பாள். உதவிக்கு வந்திருந்த சின்னம்மாதான் ஓடிப்போய் அவனைத் தூக்குவாள்.

மூன்றாம் மாதம் முடிந்ததும், தறிக்குப் போகிறேன் என்று அம்மா தானாகவே சொன்னாள். நைனா வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை. பச்சை உடம்போடு உழைக்கிறாளே என்று தெருவில் அவளுக்கு நல்ல பெயர் வேறு கிடைத்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பையைப் போட்டுவிட்டு நேரே ஷெட்டுக்குத்தான் போவேன். அம்மாவுக்குக் கடைசித் தறி, சுவர்ப் பக்கம். முதுகுதான் தெரியும். தலை ஆடும், தோள் ஏறி இறங்கும், பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் வாய் திறந்து மூடும். பாட்டு என்று முடிவுகட்ட எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஆனால் உதட்டைப் படிக்கலாம் என்று கிட்டே போனால் சட்டென்று வாயை மூடிக்கொண்டு நூலை இழுத்துப் பார்ப்பாள். கரண்ட் போகுமுன் விளக்கு மங்கித் தறி இளைக்கும்; அதோடு பாட்டும் நின்றுவிடும். அந்த நாளில் கரண்ட் வருவதைவிடப் போவதுதான் அதிகம். அப்போதெல்லாம் அம்மா வீட்டுக்கு வந்து, வாயை இறுக்கிக்கொண்டு, அது திரும்பி வரும்வரை மின்விசிறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பக்கத்துத் தறியில் கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் வருகிற அக்கா ஒருத்தி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவள். பாட்டு விஷயம் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? டீ குடிக்க வெளியே வந்தபோது மடக்கினேன்.

"அக்கா, எங்கம்மா இன்னா பாட்டு பாடுது?"

அவள் டீயை ஊதினாள். ஊதி முடிக்க ரொம்ப நேரமானது.

"ஆங், பாடுது. நல்லாத்தான் பாடுது. நீ போயி படிம்மா."

"இன்னா பாட்டுன்னு சொல்லு."

"அது பெரியவங்க பாட்டு. உனுக்கு வராது."

எனக்கு வராதா? அது என்ன அப்படிப்பட்ட பாட்டு? அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இதில் என் தரப்பில் ஒரு நியாயமும் உண்டு. தம்பி தினமும் சாயங்காலம் ஆரம்பித்தால் மூச்சுத் திணறத் திணற அழுவான். சின்னம்மா தாலாட்டினால் இன்னும் அழுவான். அம்மாவின் பாட்டைக் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்து பாடினால் அவன் தூங்கிவிடுவான் என்று நினைத்தேன். தறியிடம் பாடுகிறவள் பிள்ளையிடம் பாடாமல் இருக்கிறாளே என்று அம்மாமேல் கொஞ்சம் கோபமும் இருந்தது.

பாட்டைக் கேட்க ஒரே வழிதான். தறி நிற்க வேண்டும், ஆனால் நிற்கப் போகிறது என்று அம்மாவுக்குத் தெரியக் கூடாது.

ஷெட் வாசலுக்கு உள்பக்கம் மெயின் சுவிட்ச். அதைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று நைனா சொல்லியிருந்தார். ஒரு வியாழக்கிழமை, நூல் மூட்டைமேல் ஏறி நின்றுகொண்டேன். அம்மாவின் தோள் நன்றாக ஏறி இறங்கும்வரை காத்திருந்தேன். பிறகு கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தேன்.

எட்டுத் தறியும் நின்றன. குரல் நிற்கவில்லை. எட்டுத் தறிச் சத்தத்துக்கு மேலே போட்ட குரல் அது. நிறுத்த அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்னால முடியலயே... யம்மா, என்னால முடியலயே..."

ஷெட் முழுக்க அது கேட்டது. தெருவிலும் கேட்டிருக்கும். பிறகு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பவில்லை. கண்டிகை அக்கா தறியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தாள்.  அது பாட்டு இல்லை என்பது எனக்குப் புரிந்தது; வேறு எதுவும் புரியவில்லை.

நூல் குழல் கூடையோடு உள்ளே வந்த நைனா வாசலிலேயே நின்றார். என்னைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், அம்மாவின் முதுகைப் பார்த்தார். கூடையை வைத்துவிட்டு வந்து என்னை மூட்டையிலிருந்து இறக்கினார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. மெயினை மேலே தூக்கினார். கரண்ட் வந்தாலும் விசைத்தறி தானாக ஓடாது, ஒவ்வொன்றையும் கையால்தான் ஓட்டிவிட வேண்டும். நைனா ஓடினார். ஆம், நடந்துகூடப் போகவில்லை. இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் கண்டிகை அக்காவும் தறி தறியாக ஓட்டிவிட்டுக்கொண்டே போனார்கள். ஒரு சத்தம், இரண்டு, நான்கு என்று ஏறி, அம்மாவைச் சுற்றிப் பழைய இரைச்சல் மூடிக்கொண்டது. அப்புறம்தான் நைனா நின்று மூச்சு வாங்கினார்.

பல வருஷம் கழித்து என் மகள் பிறந்த இரண்டாம் மாதம், ஆவடியில் அடுக்குமாடி வீட்டில், ஒரு குறையும் இல்லாத வாழ்க்கையில், அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்தது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். பிள்ளை பெற்றவர்களில் நிறையப் பேருக்கு வருவதுதான், சரியாகிவிடும் என்றார். பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பாதி நிம்மதி. எங்கள் தெருவில் அன்று அதற்குப் பெயர் கிடையாது. கண் பட்டுவிட்டது என்றாள் ஒருத்தி, கொழுப்பு என்றாள் இன்னொருத்தி. காரணம் கேட்காமல் யாரையும் அழவிடாத வீட்டில், காரணம் இல்லாதவள் எங்கே போய் அழுவாள்? எங்கம்மா இடம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அந்த இரைச்சலைத்தான் நான் கைப்பிடியை இழுத்து நிறுத்தியிருக்கிறேன். நினைத்தால் இன்றும் உள்ளங்கை கூசுகிறது.

இதெல்லாம் இப்போது சொல்வது. அப்போது எனக்கு வேறு விசாரணைகள் இருந்தன. அந்த வாரமே நைனா அம்மாவை வேலூருக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். வயிற்றுவலி என்று எங்களுக்குச் சொன்னார்கள். வயிற்றுவலிக்காரியைக் காரம் சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லையே, அது ஏன் என்று கேட்டு சின்னம்மாவிடம் குட்டு வாங்கினேன். சாயங்காலம் தம்பியை நைனாவே தோளில் போட்டுக்கொண்டு தெருக்கோடிவரை நடந்தார். ஆம்பளை பிள்ளை சுமக்கிறான் பார் என்று சிரித்தவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு யாரும் தறி ஓட்டமாட்டார்கள். தறிக்காரர்கள் பாதிப் பேர் காவடி எடுத்து மலையேறிக்கொண்டிருப்பார்கள். எங்கள் தறிகளில் பாவும், அதாவது நீளவாக்கில் ஏற்றிய நூலும், முடிந்திருந்தது. புதுப் பாவு கிருத்திகை கழித்துத்தான் ஏற்றுவது. வீடு கொள்ளாமல் நகரியிலிருந்து சொந்தக்காரர்கள். தம்பியை மடி மாற்றி மடி வைத்துக்கொண்டு, முருகன் கொடுத்த பிள்ளை என்று மறுபடியும் ஆரம்பித்தார்கள். அம்மா எல்லாருக்கும் வடை வைத்துக்கொண்டிருந்தாள். நாலு மணி வாக்கில் அவள் வாய் இறுகுவதை நான் பார்த்தேன். நைனாவும் பார்த்திருக்க வேண்டும். ஆணியில் மாட்டியிருந்த ஷெட் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் எட்டுத் தறியும் ஓடின. வீட்டில் பேச்சு நின்றது. அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அந்தப் பக்கம் போனாள். வாசலில் நைனா அவளுக்கு வழிவிட்டு வெளியே வந்து, தம்பியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு முதுகு காட்டி நின்றார்.

நான் அவர் கை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். எந்தத் தறியிலும் நூல் இல்லை. குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடாக் கட்டையைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். எட்டும் வெறுமனே அடித்துக்கொண்டிருந்தன. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் சத்தம் போடுகிற மனிதர் இவர்.

"நைனா, பாவே இல்லியே. இன்னாத்துக்கு ஓடிகினு கீது?"

நைனா என் தலையில் கையை வைத்தார். "சும்மா உட்டா துரு புடிச்சிடும் வக்கீலம்மா. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

ஒரு மணி நேரம் ஓடின. அம்மா முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்ததும் நைனா மெயினை இறக்கினார். நான் விடவில்லை. உள்ளே நுழைந்து தறி தறியாக விரலால் தடவினேன். எட்டிலும் எண்ணெய்தான் ஒட்டியது, ஒரு பொட்டுத் துருவும் இல்லை. நேற்றுவரை ஓடிய தறி எப்படித் துருப்பிடிக்கும்?

ஓடிப்போய் அம்மாவிடம் கறுத்த விரலைக் காட்டினேன்.

"யம்மா, நைனா பொய் சொல்லுது. துருவே இல்ல."

அம்மா என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். வாசலில் பிள்ளையோடு நின்ற நைனாவைப் பார்த்தாள். தம்பி பிறந்த பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். முந்தானையால் என் விரலைத் துடைத்துவிட்டு, நைனாவிடம் போய்த் தம்பிக்காகக் கையை நீட்டினாள்.

நைனாவின் பொய்யை ஊரிலேயே நான் ஒருத்திதான் கண்டுபிடித்தேன் என்ற பெருமையில் அன்று எனக்கு நல்ல தூக்கம்.