நடுவில் நிறுத்த முடியாத ஜெபம்

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் சலவைக்கூடம் அது. வெளுத்து, உலர்ந்து வரும் விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, தலைக்கு மேலே தூக்கி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் முந்தினாலும் மடிப்பு கோணிக்கொள்ளும். அதனால் அங்கே ஒரு ஜோடி அமைந்துவிட்டால் லேசில் மாற்ற மாட்டார்கள்.

பட்டாணி அம்மாவுக்கு ஜோடி, மைக்செட் அக்கா. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அவள் ரகசியம் சொன்னால், இயந்திரச் சத்தத்தையும் தாண்டி வாசலில் நிற்கும் வேன் டிரைவர் காதில் விழும். அந்த டிரைவர்தான் பட்டாணியின் அப்பா. பட்டாணிக்கும் ஒரு நல்ல பெயர் உண்டு, அது பள்ளிக்கூடத்தோடு சரி. உருண்டையாக, ஓர் இடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருந்ததால் பட்டாணி. அவனைப் பெற்றவள் பட்டாணி அம்மா. சலவைக்கூடத்திலும் சபையிலும் அவளுக்கு வேறு பெயர் கிடையாது.

விடுமுறை நாட்களில் அவனும் அம்மாவோடு வந்துவிடுவான். இருவரும் விரிப்பைத் தூக்கும் நேரம் பார்த்து, "ரயில் வருது, கேட்டைத் திறங்க" என்று கத்திக்கொண்டு அடியில் புகுந்து ஓடுவான். மேற்பார்வையாளர் முறைப்பார். மைக்செட் அக்கா அதையெல்லாம் சட்டை செய்ய மாட்டாள். ரயில் போய்ச் சேரும்வரை கையை இறக்காமல் நிற்பாள்.

அக்காவின் மகளுக்கு வெளியூரில் பிரசவம். அக்கா கிளம்பிய அன்று பட்டாணி காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தான். பையும் கையுமாக வந்து, அவன் தலையில் கை வைத்து, நர்ஸ் ஓடிவந்து வாயைப் பொத்தச் சொல்லும் அளவுக்கு ஜெபித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

காய்ச்சல் மூளைக்கு ஏறியது. காலையில் பால் கேட்டவன் மதியம் இல்லை. டாக்டர் வந்து சொன்னபோது பட்டாணி அம்மா கையில் டம்ளரை வைத்துக்கொண்டு, "சூடு ஆறட்டும்னு வச்சிருக்கேன், இப்பக் குடிச்சுடுவான்" என்றாள். டாக்டர் மறுபடியும் சொன்னார். அவள் பாலை ஊதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் புருஷன்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டம்ளரை வாங்க வேண்டியிருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. நாட்கள் போயும் வரவில்லை. காதில் ஏதோ அடைத்துக்கொண்டது போல எல்லாம் தூரத்தில் நடந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பாவம், வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். தோட்டத்தில் நல்ல பூவாகப் பார்த்து ஆண்டவர் பறித்துக்கொண்டார் என்றாள் ஒருத்தி. ஆண்டவருக்குப் பூவுக்கா பஞ்சம்? அதைவிடக் கொடுமை, யாரும் அவளைப் பட்டாணி அம்மா என்று கூப்பிடவில்லை. 'ஏம்மா' என்றார்கள், 'இங்க பாரு' என்றார்கள். பிள்ளையின் பேரைச் சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்று பயந்து, பிள்ளையோடு சேர்த்து அவள் பேரையும் புதைத்துவிட்டார்கள். வீட்டில் புருஷனும் அப்படித்தான் இருந்தான்.

அதன் பிறகு அவளால் ஜெபிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மாலைதோறும் பாஸ்டரம்மா வீட்டு முன்னறையில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிப்பார்கள். முடியாதவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையை ஒரு அழுத்து அழுத்தினால் முறை தாண்டிப் போய்விடும். பட்டாணி அம்மா வாராவாரம் அழுத்திக்கொண்டே வந்தாள். 'சுகமாக்கும்' என்று அத்தனை தொண்டைகள் கத்தியும் காது கேட்காதவரிடம் இனி என்ன பேச்சு என்று நெஞ்சுக்குள் ஒரு கல் கிடந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவள் வந்ததே, கூட்டம் முடிந்ததும் பாஸ்டரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, இனி இங்கும் வரமாட்டேன், சபைக்கும் வரமாட்டேன் என்று சொல்லத்தான். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜெபம் தொடங்கிய பிறகு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ பையைத் தரையில் வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணைத் திறக்காமலேயே தெரிந்துவிட்டது. மைக்செட் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே இங்கே வந்திருக்கிறாள்.

அவள் முறை வந்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் தந்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னாள், பேத்திக்கு ஸ்தோத்திரம் சொன்னாள், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததற்கும் சொன்னாள். பிறகு குரல் கனிந்தது.

"அப்பா, எங்க பட்டாணிய நெனச்சுக்கறேன். ஊருக்குப் போனதுலேந்து ஒரு நாள்கூட அவனுக்காக ஜெபிக்காம நான் படுக்கல. அவன் ஒடம்புல இருக்கற சூட்டையெல்லாம் எடுத்துப் போடுங்கப்பா. வலியில்லாமத் தூங்கட்டும். எழுந்து ஓடட்டும் ஆண்டவரே, அவன் இஷ்டத்துக்கு ஓடட்டும்."

அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. வெளியூரில் மகளுடைய பிரசவ நேரத்தில் போய் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொருவரும் தயங்கி, வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். இப்போது தடுக்கவும் வழியில்லை. அந்த வட்டத்தில் ஒருவர் ஜெபிக்கும்போது கூரை பற்றி எரிந்தாலும் ஆமென் சொன்ன பிறகுதான் தண்ணீரைத் தேடுவார்கள். பாஸ்டரம்மா கண்ணைத் திறந்து, வாயில் கை வைத்துக்கொண்டு, திரும்ப மூடிக்கொண்டாள்.

பட்டாணி அம்மா அதிர்ந்துபோனாள். எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தாள். ஆனால் அந்த அதிர்ச்சிக்கு நடுவே இன்னொன்றும் நடந்தது. பட்டாணி என்ற பேர் காதில் விழுந்ததும், அடைத்துக் கிடந்த காது திறந்துகொண்டது. இத்தனை நாளில் முதல்முறையாக ஒருத்தி அவனை, இருக்கிற பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறாள். இன்னும் பேசட்டும் என்றிருந்தது. அப்படித் தோன்றியதே அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

அக்கா ஆமென் என்றாள். வழக்கமாக அறையே திரும்பச் சொல்லும், இன்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் அக்காவின் விரல்கள் சில்லிடுவதைப் பட்டாணி அம்மா உணர்ந்தாள். அடுத்த முறை அவளுடையது. கையை அழுத்தித் தாண்டிவிடலாம். தாண்டினால், கண்ணைத் திறந்ததும் இவளிடம் யார் சொல்வது? தனக்கு டாக்டர் சொன்னது போலவா?

"ஆண்டவரே" என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "அக்காவுக்குத் தெரியாது. நாங்க யாரும் சொல்லல. பட்டாணி உங்ககிட்ட வந்துட்டான். அக்கா ஊருக்குப் போன அந்த வாரமே வந்துட்டான்."

பக்கத்தில் ஒரு விசும்பல் எழுந்து அடங்கியது. அவள் அந்தக் கையை விடவில்லை.

"அக்கா கேட்டதெல்லாம் வீணா போகக்கூடாது ஆண்டவரே. சூடு போயிருச்சு. வலி இல்ல. அங்க ஓடிக்கிட்டுதான் இருக்கான். என் பிள்ளைய எனக்குத் தெரியும், அவன் ஒரு எடத்துல நிக்க மாட்டான். அக்காவுக்கு இதத் தாங்கற பலம் குடுங்க."

அக்காவைத் தேற்றுவதற்காகத்தான் தொடங்கினாள். சொல்லச் சொல்ல, சொல்வதைத் தான் நம்புகிறாள் என்பது அவளுக்கே தெரிந்தது. கல் முழுவதும் கரைந்துவிடவில்லை. ஏன் எடுத்தீர் என்ற கேள்வி அப்படியே இருந்தது. ஆனால் அதைக் கேட்க இப்போது ஓர் ஆள் இருந்தார், பிள்ளையும் அவர் பக்கத்திலேயே இருந்தான். ஆமென் என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அத்தனை நாள் அழுகையும் ஒன்றாக வந்தது. பாஸ்டரம்மாவிடம் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை.

மறுநாள் சலவைக்கூடத்தில் மைக்செட் அக்கா வாயே திறக்கவில்லை. இயந்திரம் ஏதோ பழுதாகிவிட்டதோ என்று ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருவரும் விரிப்பைப் பிடித்து, உதறி, தலைக்கு மேலே தூக்கினார்கள். தூக்கியவர்கள் இறக்கவில்லை. மேற்பார்வையாளர் முறைத்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பட்டாணி அம்மா" என்று அக்கா மெல்லக் கூப்பிட்டாள். அவ்வளவு மெல்லிய குரல் அவளுக்கு உண்டு என்று யாருக்கும் தெரியாது. "ரயில் போய்ச் சேந்துருச்சா?"

"சேந்துருச்சு அக்கா" என்றாள் பட்டாணி அம்மா. "இனி எறக்கலாம்."

இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து முனையோடு முனை சேர்த்தார்கள்.