பின்விரல் இல்லாத பறவை

தொண்ணூறுகளில் நெய்யாற்றின்கரைக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் காடை பிடிப்பவர். மடியிலிருந்த கூடைக்குள் கைவிட்டு, பறவைகளின் கால்களைத் தடவிக்கொண்டே வந்தார். பாறசாலையில் கை நின்றது.

"காடைக்குப் பின்வெரலு உண்டு. இதுக்கு இல்ல, சாரே."

விலங்கியல் வாத்தியாரான நான், "அப்படியானால் இது காடையே இல்லை. புத்தகத்தில் இது கொக்குகளின் வரிசை" என்றேன்.

"வரிசை என்னவும் இருக்கட்டும். முட்டைகிட்ட வச்சாக்கும் பிடிச்சேன். தாய் ஓடினதக் கண்டு, அது வந்து அடைகாக்கும்ணு நெனச்சேன். இதுகள்ல அப்பனாக்கும் அடைகாக்கது. அப்பன் இந்தா, கூடையில."

கூடையோடு இறங்கி, எதிரே நின்ற நாகர்கோவில் பஸ்ஸுக்கு ஓடினார். பறவையைப் பிடித்த ஆரல்வாய்மொழிப் பொட்டலிலிருந்து வந்தது இரண்டு மணி நேரம், திரும்பவும் இரண்டு. ஆளில்லாத முட்டை எவ்வளவு நேரம் சூடு ஆறாமல் இருக்கும் என்று என் புத்தகத்தில் இல்லை.