பெயர் கேட்டு எழுதிய ஃபான்யா

கோலோனியா எஸ்தெரின் தபால் நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் முத்திரை குத்தினேன். ஃபான்யா கிரின்ஷ்புன் அளவுக்குக் கடிதம் எழுதியவர் ஊரில் வேறு யாரும் இல்லை. படித்தது ஆறாம் வகுப்பு வரைதான். கூட்டுறவுக் கடையில் மாவும் சர்க்கரையும் நிறுத்துக் கொடுப்பது அவர் வேலை. கணவர் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகன் ஹெர்னான் ரொசாரியோவில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தான்.

ராணுவம் நாட்டு ஆட்சியைப் பிடித்த சில மாதங்களில், 1976 ஆகஸ்டில், ஹெர்னான் தங்கியிருந்த அறைக்குச் சீருடைக்காரர்கள் வந்து அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் இல்லை. ஃபான்யா அமைச்சகத்துக்கு எழுதினார், சிறைகளுக்கு எழுதினார், பேராயருக்குக்கூட எழுதினார். மூன்று வருடத்தில் அறுபத்தொரு பதிவுத் தபால்கள். பதில் வந்தது நாலுக்கு. நாலிலும் ஒரே வரி: அப்படி ஒருவரைப் பற்றி எங்களிடம் தகவல் இல்லை. ஊரில் எவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாவை வாங்கிக்கொண்டு, மழையைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்தார்கள். நானும் அப்படித்தான். முத்திரை குத்தினேன், ரசீது கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை.

1980-ல் இடுகாட்டுக் குழு கூடியது. எங்கள் காலனியின் யூதர்கள் 1894-ல் பெசராபியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். தருவதாகச் சொன்ன நிலம் தயாராகவில்லை. முதல் குளிர்காலத்தை ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் கழித்தார்கள். காய்ச்சல் பரவியது. இறந்த நாற்பத்து மூன்று குழந்தைகளைச் சோப்பு வந்த மரப்பெட்டிகளில் வைத்துப் புதைத்தார்கள். இடுகாட்டின் கிழக்கு மூலையில் கல் எதுவும் இல்லாமல் நாற்பத்து மூன்று மண்மேடுகள் இருந்தன.

குழுத் தலைவர் மார்க்கோஸ் லெய்டெர்மன் இரும்புக் கடைக்காரர், நல்ல மனிதர். பிள்ளைகுட்டிகளெல்லாம் புவெனஸ் ஐரெஸுக்குப் போய்விட்டார்கள், வேலி விழுந்து கிடக்கிறது, மாடு மேய்கிறது. மேடுகளைச் சமப்படுத்தி ‘குழந்தைகள்’ என்று ஒரே கல் நட்டுவிடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பின்வரிசையில் இருந்த ஃபான்யா எழுந்தார்.

“பேர் இல்லாமலா?”

“பேர் யாருக்கு ஞாபகம் இருக்கு, ஃபான்யா?”

“யாருக்காவது இருக்கும். இதுவரைக்கும் யாரும் கேட்கல, அவ்வளவுதான்.”

ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். ஆனது பதினோரு வருடம்.

கூட்டுறவுச் சங்கத்தின் பழைய உறுப்பினர் பட்டியலை எடுத்து, அவர்களுடைய வாரிசுகளின் முகவரிகளைத் தேடிப் பிடித்தார். ரொசாரியோ, மொன்டெவிடேயோ, ஹைஃபா என்று கடிதங்கள் போயின. உள்ளே இருந்தது அந்த யூதர்கள் வீட்டில் பேசும் இட்டிஷ் மொழி. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. உறைமேல் மட்டும் ஸ்பானிய மொழியில் முகவரி இருக்கும்.

முதல் பதில் வர நாலு மாதம் ஆயிற்று. மொன்டெவிடேயோவிலிருந்து ஸ்ருல் வைனர் என்ற கிழவர் எழுதியிருந்தார். ஃபான்யா என் முன்னால் நின்றபடியே அதை ஸ்பானிய மொழியில் சொல்லிக்கொண்டு போனார். கிழவரின் தாய் வெள்ளிக்கிழமை மாலை வழிபாட்டுக்கு மெழுகுவத்தி ஏற்றியதும், வாய்க்குள் ஒரு பெயரை முணுமுணுப்பாளாம். பத்து வயதில் அது யார் என்று கேட்டதற்கு அவருக்குக் கன்னத்தில் அறை விழுந்ததாம். அந்தப் பெயர் ஷெய்ண்டல். அவர் பிறப்பதற்கு முன்பே போன அக்கா.

ஃபான்யா கடிதத்தை மடித்தார். “இதுங்களுக்காவது பதில் வருது, எல்விரா” என்றார்.

நான் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தேன். நாலு வருடமாகச் சொல்லாமல் இருந்ததை அப்போதுதான் சொன்னேன். “ஹெர்னானைப் பத்தி நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல, ஃபான்யாம்மா.”

“கேட்கலதான். ஆனா என் கடிதம் ஒண்ணையும் நீ பிரிச்சுப் பாக்கல, எவன்கிட்டயும் கொண்டுபோய்க் கொடுக்கல. அந்த நேரத்துல அதுவே பெரிசு.”

அவர் சொன்னது எனக்குச் சமாதானமாக இல்லை. இன்றைக்கும் இல்லை.

பாதிக் கடிதங்கள் ‘பெறுபவர் காலமானார்’ என்று திரும்பி வந்தன. ஹைஃபாவிலிருந்து ஒரு பெண்மணி, செத்தவர்களைத் தூங்க விடு என்று கோபமாக எழுதினார். ஆறு மாதம் கழித்து அதே பெண்மணி ரெண்டு பெயர்களை எழுதி அனுப்பினார், வேறு ஒரு வார்த்தைகூட இல்லாமல். லெய்டெர்மன் கடைக்கு வரும்போதெல்லாம், “மண்ணுக்குள்ள இருக்கறவங்களுக்கு வரன் பாக்குறியா, இத்தனை ஊருக்கு எழுதுற?” என்று சீண்டுவார். ஃபான்யா, “உனக்குத்தான் இனி வரன் கிடைக்காது, மாவைப் பிடி” என்பார். ஆனால் இடுகாட்டில் விழுந்த வேலியை யாரும் சொல்லாமலே லெய்டெர்மன்தான் எடுத்துக் கட்டினார்.

முப்பத்தெட்டுப் பெயர்கள் கிடைத்தன. 1991-ல் கல் செதுக்கக் கொடுக்கும் முன், ஃபான்யா தபாலோடு நின்ற நேரம் பார்த்து லெய்டெர்மன் தபால் நிலையத்துக்கே வந்து, தயங்கித் தயங்கி, கீழே ஹெர்னான் பெயரையும் சேர்த்துவிடலாமா என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

ஃபான்யா கையிலிருந்த தபாலை என் மேஜைமேல் வைத்தார். பிறகு, “இது காய்ச்சல்ல செத்த பிள்ளைங்க கல்லு, மார்க்கோஸ். என் பிள்ளை செத்தான்னு எனக்கு எவன் சொன்னான்?” என்றார்.

லெய்டெர்மன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பேர் கிடைக்காத அஞ்சுக்கும் அஞ்சு வரியை வெறுமனே விடு. ஒண்ணா சேர்த்து எழுதிடாத” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஃபான்யா வெளியே போனார்.

கல் நட்ட அன்று நாற்பது பேர் வந்தார்கள். ஒரு பெயரைப் படிக்கும்போது படித்தவரின் குரல் உடைந்தது, அடுத்த பெயரை வேறொருவர் படித்தார். ஃபான்யா அழவில்லை. அடுத்த வாரம் அமைச்சகத்துக்கு இன்னொரு பதிவுத் தபால் கொண்டுவந்தார்.

2004-ல், எண்பத்திரண்டு வயதில் இறந்தார். இறந்தவருக்கான பிரார்த்தனைக்குப் பத்து யூத ஆண்கள் நிற்க வேண்டும். ஊரில் மிஞ்சியிருந்தவர்கள் ஆறு பேர். பக்கத்து ஊரிலிருந்து நாலு பேர் வரும்வரை ரெண்டு மணி நேரம் உடலோடு வெயிலில் காத்திருந்தோம். மகன் சொல்ல வேண்டியதை, தடியூன்றிய லெய்டெர்மன் சொன்னார். பாதியில் வரிகள் மறந்துபோய் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

வீட்டைக் காலி செய்யும்போது நானும் போனேன். குழந்தைகளுக்காக வந்த கடிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. அதைப் பழைய பள்ளிக்கூடத்து அறையில் காட்சிக்கு வைப்பது என்று குழு ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. அலமாரியின் அடித்தட்டில், ஹெர்னானுக்காக எழுதிய ஒவ்வொன்றின் நகலும், நான் கொடுத்த ரசீதுகளும், அந்த நாலு பதில்களும் துணியில் சுற்றியிருந்தன. அது வேறு விஷயம், அதைத் தனியாக வைக்கலாம் என்றார் லெய்டெர்மன்.

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. துணியை அவிழ்த்து, எல்லாவற்றையும் அதே பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடினேன். டப்பாவை வண்டிவரைக்கும் லெய்டெர்மனே தூக்கி வந்தார்.