நொடிக்கு ஐந்து ஆட்டம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் கல்லுக்கை அண்ணன். கண்ணாடிகளை மயிரிழைக்கும் குறைவாகத் திருகி நிறுத்துவது அவர் வேலை. இருபத்தாறு வருஷம்.

நான் அங்கே ஏசி மெக்கானிக், எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: விண்வெளியில் இரண்டு தொலைநோக்கிகளைத் தள்ளித் தள்ளி மிதக்கவிட்டு, ஒரே நட்சத்திரத்தின் வெளிச்சத்தை இரண்டு வழியாக வாங்கி, ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழும்படி சேர்த்தால் நட்சத்திரம் அணைந்துவிடும். பக்கத்தில் இருக்கிற கிரகம் தெரியும். இரண்டு சம்பந்திகளும் கத்திக் கத்தி ஒருவர் குரலை ஒருவர் அமுக்கிவிட்டால் நடுவில் கல்யாணப் பெண் முணுமுணுப்பது கேட்குமே, அப்படி.

அதற்கு முன்னோட்டமாக அடித்தளத்தில் ஒரு மேசைமேல் விளக்கையே நட்சத்திரமாக வைத்துச் சோதித்தார்கள். ஒரு மாதமாக இருட்டு நிலைக்கவில்லை. திரையில் வெளிச்சத்தின் அளவைக் காட்டும் கோடு நொடிக்கு ஐந்து முறை ஆடியது. எல்லோரும் என் ஏசியின் தலையைத்தான் உருட்டினார்கள். அதை நிறுத்தினோம், பம்பை நிறுத்தினோம், தெருவில் லாரிகளைக்கூடத் திருப்பிவிட்டோம். ஆட்டம் போகவில்லை.

வம்பு என்றால் எனக்குச் சர்க்கரை. டீ குடிக்கும்போது அண்ணனின் இடக்கை கால்சட்டைப்பையை விட்டு வெளியே வருவதேயில்லை. பையில் புதையலா என்று கேலியாகக் கேட்டேன்.

"வெளிய எடுத்தா ஆடுதுடா. டாக்டர் வியாதிக்குப் பேரே சொல்லிட்டாரு. உங்க அண்ணிக்கே தெரியாது. திருகுற கை நல்லாத்தான் இருக்கு. தெரிஞ்சா மேசைய விட்டு எறக்கிடுவாங்க. வாயத் தொறந்துடாத."

ஓட்டை வாயான நான் ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள், ஏசியையும் என்னையும் சேர்த்தே மாற்றப்போவதாகத் தலைமை மேடம் சொன்னார். அண்ணன் அப்போது வலக்கையால் திருகிக்கொண்டிருந்தார். வழக்கம்போல இடக்கை, ஆட்டம் கண்ணில் படாதபடி, மேசை விளிம்பில் அழுந்தியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நினைப்பதற்குள் வாய் முந்திவிட்டது.

"அண்ணே, இடக்கைய எடுங்க."

எடுத்தார். கோடு நேராக நின்றது. விவரம் புரியாமல் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

அண்ணன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா நிக்குது" என்றார். பிறகு திருகுக்கருவியைத் துடைத்து மேடத்திடம் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி தண்ணீர் கொடுத்தார்.

"கட்டிக்கிட்டவ எனக்கே தெரியலையே தம்பி. அங்க யாரு மொதல்ல கண்டுபிடிச்சது?"

நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அண்ணன் சொன்னார்: "மெஷின்தான்."