‘நீதானா?’ என்று கேட்ட தாய்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஆந்திராவில், சித்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரின் கோர்ட்டு வராந்தாவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவோம், வாசலைத் தாண்டினால் தமிழ். பட்டு நூல் வியாபாரம். பெங்களூரிலிருந்து நூல் வாங்கி வந்து எங்கள் பக்கத்து நெசவாளர்களுக்குக் கொடுப்போம். அடிக்கடி போய்வர வேண்டியிருந்ததால் அப்பா ஒரு பழைய ஃபியட் கார் வாங்கினார். எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் கார். வீட்டில் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு எவ்வளவு மிதப்பு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் காஞ்சிபுரத்துக்குள் அந்த மிதப்பைக் காட்ட வழியே கிடையாது. காலையில் தறிக்கு ஏற்றவேண்டிய நூலைத் தெருவை அடைத்துப் பாவாக நீட்டியிருப்பார்கள். பட்டு இழை மேல் தூசி பட்டுவிடப் போகிறதே என்று காரைத் தள்ளிக்கொண்டுகூடப் போயிருக்கிறேன். கோயில்கள் இருக்கிற பெரிய காஞ்சிபுரம் பக்கம் போனால் சைக்கிள், மாட்டுவண்டி, யாத்திரை பஸ். அதனால் ஊர் எல்லை தாண்டி நெடுஞ்சாலை கண்ணில் பட்டதும் என் கால் தானாக அழுந்தும்.

ஒரு நாள் பெங்களூர் கிளம்பியபோது என்னோடு வந்தவன் என் பள்ளிக்கூட நண்பன். பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம். அந்தச் சமயம் கட்சியில் மும்முரமாக இருந்தான். பெங்களூர் பார்க்க வேண்டும் என்று கரை வேட்டியோடு வந்து காரில் ஏறிக்கொண்டான். எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை. காலை நேரம், காலியான சாலை, வண்டி பட்டு மாதிரி ஓடியது. சித்தூர் தாண்டியதும் நண்பன் குதூகலமாக, “இன்னும் கொஞ்சம் அழுத்துபா, எவ்ளோதான் போவுது பாப்போம்” என்றான். முள் அறுபது மைலைத் தாண்டியது. ஒரு சிற்றூர் வந்தது. சாலையோரம் சில வீடுகள், ஒரு வளைவு. பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. வளைவைத் தாண்டினதும் நடுச் சாலையில் ஒரு போலீஸ்காரர் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு நின்றார்.

வளைவுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், கையில் கடிகாரத்தோடு மறைந்து நின்று வண்டிகளின் வேகத்தைக் கணக்கெடுக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வந்து லைசென்ஸ் கேட்டார். கோபப்படவில்லை, திட்டவில்லை. “இங்கே ஊர் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா?” என்று தெலுங்கில் ஒரே ஒரு கேள்விதான். நான் தெலுங்கிலேயே ஏதோ மழுப்பினேன்.

நண்பன் இறங்கி வந்தான். “சார், நாங்க காஞ்சிபுரம். எங்க ஒன்றியச் செயலாளர் இருக்காரே, அவராண்ட ஒரு வார்த்தை...” என்று ஆரம்பித்தான். சப்-இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது. எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “உங்க கட்சி எல்லையோட முடிஞ்சு போச்சுபா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, வீடு திரும்பும்வரை மட்டும் ஓட்ட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, கோர்ட்டுக்கு வரவேண்டிய தேதியைச் சொல்லி அனுப்பினார்.

வேற்று மாநிலத்தில் போய்க் குற்றவாளியாக நிற்பதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. ரோடு வரி கட்டுகிறோம், வண்டி ஓட்டத் தெரிந்து ஓட்டுகிறோம், மரத்தடியில் ஒளிந்துகொண்டு பிடிப்பது என்ன நியாயம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பேசினேன். நண்பன் யாரையோ பிடித்து அந்த ஊரிலேயே ஒரு வக்கீலை ஏற்பாடு செய்தான். வக்கீல் தைரியம் சொன்னார்: “கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன வேகத்துக்கு என்ன அத்தாட்சி? இல்லை என்று சொல்லுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

லைசென்ஸ் இல்லாததால் அந்தத் தேதியில் பஸ்ஸில் போனோம். அங்கே மோட்டார் வழக்குகளை எல்லாம் ஒரே நாளில் எடுப்பார்களாம். வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. “கூப்பிடும் வரை இங்கே இருங்கள்” என்று வக்கீல் சொல்லிவிட்டு உள்ளே போனார். நண்பன் டீ குடிக்கப் போனான். நான் டெரிலின் சட்டை, பாக்கெட்டில் கறுப்புக் கண்ணாடி சகிதம் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் ஒரு பெரியவர். காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு, நரைத்த தாடி. ஒடிசலான உடம்பு. நான் தமிழ்ப் பேப்பர் வைத்திருந்ததைப் பார்த்து, “எந்த ஊரு தம்பி?” என்றார். சொன்னேன். அவர் ஆற்காட்டுப் பக்கம், லாரி ஓட்டுகிறவர். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என் புலம்பலை ஆரம்பித்தேன்.

“வேகமா போனேனாம். அதுக்கு லைசென்ஸைப் புடுங்கிக்கினு இங்க வந்து நில்லுங்கறான். வேகமா போறதுக்குத்தானே பெரியவரே ரோடு போட்டுக்கிறான்?”

அவர் சிரிக்கவில்லை. எந்த இடம் என்று கேட்டார். வளைவைச் சொன்னேன்.

“எனக்கும் அதே எடம்தான் தம்பி” என்றார்.

“உங்களையுமா? லாரி இன்னா பெரிய வேகம் போயிடும்! அங்க ஒளிஞ்சி நின்னு புடிக்கறானுங்களே, அதே மாதிரிதானா?”

“யாரும் புடிக்கல. நானா போயி நின்னேன்.”

எனக்கு அது விளங்கவில்லை. வயதானவர், ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். தன் கூஜாவிலிருந்து எனக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.

அப்போது ஒரு பெண் வராந்தாவில் ஏறி வந்தாள். என் வயதுதான் இருக்கும். கூட அவள் அண்ணன். அவர் வாசலில் நின்ற சேவகரிடம் ஏதோ கேட்க, சேவகர் எங்கள் பெஞ்சைக் கைகாட்டினார். அந்தப் பெண் நேராக நடந்து வந்து என் முன்னால் நின்றாள். பெரியவர் முன்னால் இல்லை, என் முன்னால்.

“நுவ்வேனா?” என்றாள். நீதானா?

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“அந்த வளைவில் வேகமாக வண்டி ஓட்டி வந்தது நீதானா?” என்று தெலுங்கில் திரும்பக் கேட்டாள்.

அந்த ஊரில் எல்லோருக்கும் என் வழக்கு தெரிந்திருக்கிறது போல என்று எரிச்சல் வந்தது எனக்கு. “ஆமாம், நான்தான். இப்போது அதற்கு என்ன?” என்று அவள் பாஷையிலேயே சொன்னேன்.

அவள் இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்தாள். அடிக்கவில்லை, கத்தவில்லை. சட்டையைப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துச் சொன்னாள்: “ஒரு தடவை ஹாரன் அடித்திருந்தால் நின்றிருப்பானே. சொன்னால் கேட்கிற பிள்ளை அவன். மோர்க்காரியைக் கூப்பிடத்தான் அந்தப் பக்கம் ஓடினான். நில்லு என்றால் நிற்கிற பிள்ளை. ஒரே ஒரு தடவை நீ ஹாரன் அடித்திருக்கக்கூடாதா?”

ஏதோ ஒரு குழந்தை செத்திருக்கிறது, அதைக் கொன்றவன் நான் என்று இவள் நினைக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. ‘அது நான் இல்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். இப்போதுதானே ‘நான்தான்’ என்றேன்? அந்த ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், நான் அன்றைக்கு அந்த வளைவில் யாரையாவது இடித்துவிட்டுத் தெரியாமலே போய்விட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த வளைவில் நான் எதைப் பார்த்தேன்? எதையுமே பார்க்கவில்லையே!

பக்கத்திலிருந்த பெரியவர் எழுந்தார். கைகள் இரண்டையும் கூப்பிக்கொண்டார். உடைந்த தெலுங்கில், “அம்மா, இந்தத் தம்பி இல்லை. நான்தான். நான்தான் அம்மா” என்றார்.

இரண்டாவது அதிர்ச்சி அது. என்னோடு பேசிக்கொண்டிருந்தவர், எனக்குத் தண்ணீர் கொடுத்தவர்!

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். தாடியை, துண்டை, கூப்பிய கையைப் பார்த்தாள். நம்பவில்லை. “நீ சும்மா இரு பெரியவரே. இவன் உன் முதலாளியா? இவனுக்குப் பதிலாக நீ உள்ளே போகிறேன் என்று வந்தாயா?” என்றாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

நண்பன் ஓடி வந்தான். “ஏம்மா, கைய எடும்மா! இன்னாபா சொல்லிக்கினு இருக்குது இந்தம்மா?” என்று என்னைக் கேட்டான். அதுவரை அந்த ஊரில் யார் தெலுங்கில் பேசினாலும் அவனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். அதை மட்டும் சொல்ல முடியவில்லை. அண்ணன் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக என் சட்டையிலிருந்து பிரித்தார்.

முதலில் பெரியவரின் வழக்கைக் கூப்பிட்டார்கள். நான் கதவோரம் நின்று கேட்டேன். பெரியவர் கூண்டில் ஏறியபோதுதான் அவள் உண்மையைப் புரிந்துகொண்டாள். இவரா என்பது போல அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். விபத்து நடந்து சில மாதமாகியிருந்தது. லாரியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார் பெரியவர். ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்றார்களாம். அங்கிருந்து அவராகவே நடந்து போய் போலீஸ் ஸ்டேஷனில் நின்றிருக்கிறார். அன்றிலிருந்துதான் அந்த வளைவில் ஆள் போட்டு வேகம் பார்க்கிறோம் என்று சப்-இன்ஸ்பெக்டர் சாட்சி சொன்னார். என்னைப் பிடித்த அதே சப்-இன்ஸ்பெக்டர். லாரி என்ன வேகம் வந்தது என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“நாற்பத்தைந்து மைல் இருக்கும்” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

நான் போனது அறுபதுக்கு மேல்.

சொல்ல ஏதாவது உண்டா என்று பெரியவரைக் கேட்டார்கள். “குடிக்கலீங்க. தூங்கலீங்க. ரோடு காலியா இருந்துது. போனேன்” என்றார். தண்டனை கொடுத்து அழைத்துப் போனார்கள். கதவருகே என்னைத் தாண்டும்போது, “பாத்துப் போ தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். வக்கீல் என் காதில், “இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார். மாஜிஸ்திரேட் குற்றத்தைப் படித்துவிட்டுக் கேட்டார். நான், “ஆமாம், போனேன். அவர்கள் சொன்ன வேகம் சரிதான்” என்றேன். வக்கீலின் முகம் சுருங்கிப்போயிற்று. அபராதம் விதித்தார்கள். கட்டினேன், லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். என் வழக்கு, சுடச்சுட ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

“இன்னாபா நீ, ஜெயிக்கற கேஸை இப்டிக் குடுத்துட்டியே!” என்று நண்பன் அங்கலாய்த்துக்கொண்டே வந்தான். படியிறங்கினோம்.

கீழே அந்தப் பெண் நின்றிருந்தாள். எனக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். திரும்பி உள்ளே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் கிட்டே வந்தாள். அவள் பிடித்துக் கசக்கிய சட்டையைப் பார்த்தாள். பிறகு கையைக் கூப்பினாள்.

“ஆள் தெரியாமல் உன் மேல் கை வைத்துவிட்டேன், நாயனா, என் அப்பனே. மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ ஒரு பாவமும் அறியாதவன். உன் தாய் வயிறு குளிர்ந்திருக்கட்டும்” என்றாள்.

வாழ்க்கையில் நான் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். எதுவும் அந்த ஆசீர்வாதம் சுட்ட மாதிரி சுட்டதில்லை. ‘அம்மா, நீ ஆள் மாறிப் பிடிக்கவில்லை. உன் பிள்ளை அந்தப் பக்கம் ஓடிய நேரத்தில் நான் வரவில்லை, அவ்வளவுதான்’ என்று சொல்லியிருக்க வேண்டும். பாஷை தெரிந்தும் சொல்லவில்லை. அந்தத் தாயிடம் அதை எப்படிச் சொல்வது? நானும் கையைக் கூப்பினேன். அண்ணன் அவள் தோளைத் தொட்டு அழைத்துப் போனார்.

திரும்பும்போது பஸ்ஸில் நண்பன், “இன்னாதான்பா சொல்லிச்சு அந்தம்மா?” என்று மறுபடியும் கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெகுநேரம் கழித்து, “அழுத்துபான்னு சொன்னது நான்தானே” என்றான்.

அதன்பிறகு எத்தனையோ வருஷம் கார் ஓட்டினேன். எல்லோரும் என்னை நிதானமான ஆள் என்பார்கள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் வெட்கமாக இருக்கும். அந்தப் பெரியவர் சிறைக்குப் போனதற்கும் நான் வீட்டுக்கு வந்ததற்கும் நடுவில் இருந்தது என் நிதானமோ நல்ல குணமோ இல்லை. நான் போன நேரத்தில் அந்தச் சாலையில் ஒரு குழந்தை இல்லை என்பது மட்டும்தான்.