ஒன்பதில் ஒரு கை, மூன்றில் ஒரு கை

என் கணவர் கார் ஓட்டும்போது அவருடைய கைகள் ஸ்டியரிங்கில் இருப்பது தற்செயலாக நடக்கும் காரியம். வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் உச்சியில் சும்மா சாய்ந்திருக்கும். இடது கைக்கு வேறு வேலைகள் உண்டு. கியர் போடும், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிடும், குறுக்கே வந்த ஷேர் ஆட்டோவை என்னவென்று விசாரிக்கும், மடியில் இருக்கும் பொட்டலத்திலிருந்து மிக்சர் அள்ளும். "முப்பது வருஷமா ஓட்டறேன், ஒரு கீறல் உண்டா சொல்லு" என்பார். உண்டு. நான்கு உண்டு. நான்கும் மற்றவர்கள் வந்து இடித்தவை என்பது எங்கள் வீட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு.

இது போதாதென்று பக்தி வேறு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து, அவருடைய அக்கா இருக்கும் தென்னூர் போவதற்குள் வழியில் எத்தனை சந்நிதி உண்டோ அத்தனைக்கும் அவர் கை எடுப்பார். அதில் ஒரு தர வரிசை வைத்திருந்தார். மரத்தடிப் பிள்ளையாருக்கு ஒரு விரல், போகிற போக்கில் உதட்டில் ஒற்றி எடுப்பது. பாலத்தின் மேல் மலைக்கோட்டை தெரிந்தால் ஒரு கை, நெஞ்சில். ராஜகோபுரத்துக்கு மட்டும் முழு மரியாதை. இரண்டு கையையும் விட்டு, கூப்பி, பிறகு மாற்றிப் போட்டுக் கன்னத்தில் இரண்டு தட்டு. அதுவரை வண்டி யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும்.

"இப்ப வண்டிய யாருங்க ஓட்டறது?" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டேன்.

"எல்லாம் அவன் பாத்துப்பான்" என்றார்.

அந்தப் பெருமாளோ உள்ளே படுத்துக்கொண்டிருக்கிறான். அங்கிருந்து எழுந்து, இத்தனை வாசல் தாண்டி வந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குள் என்னென்னவோ ஆகிவிடும். இதைச் சொன்னால் நான் நாத்திகம் பேசுகிறேன் என்பார்கள். அதனால் காலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் பக்கத்தில் பிரேக் இல்லை என்பது என் காலுக்கு இன்றுவரை புரியவில்லை.

நான் கணக்கு டீச்சர். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருக்கும்போது என்னைத் துறையூருக்கு மாற்றினார்கள். காலையில் டவுன் பஸ் பிடித்து டோல்கேட்டில் இறங்கி, துறையூர் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அந்த பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலேயே நிரம்பித்தான் வரும். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று போய், வகுப்பிலும் நின்று, மறுபடி நின்று வீடு திரும்பினால், தெருமுனையிலேயே என் முழங்கால் உட்காரச் சொல்லிக் கெஞ்சும். கார் வீட்டு வாசலில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். கணவர் ஓய்வு பெற்றுவிட்டவர். ஒரு வாரம் அவரே என்னைக் கொண்டு விட்டார். அடுத்த வாரம் அவருக்கு முதுகு வலி வந்துவிட்டது. காரைத் துடைக்கும்போது மட்டும் அந்த வலி தெரியவில்லை.

யாரிடமும் சொல்லாமல் தென்னூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்தவர் என்னைவிட இருபது வயது இளையவர், பொறுமைசாலி. முதல் நாளே என் இரண்டு கையையும் பார்த்துவிட்டு, "மேடம், ஸ்டியரிங்க ஒரு கடிகாரமா நெனச்சுக்குங்க. எடது கை ஒம்போதுல, வலது கை மூணுல. அவ்வளவுதான். பத்து, ரெண்டுங்கறதெல்லாம் அந்தக் காலம். இப்ப நடுவுல ஏர்பேக் இருக்கு, அது வெடிச்சா மேல இருக்கற கை நம்ம மூஞ்சிலயே வந்து அடிக்கும்" என்றார்.

"கோயில் வந்தா?" என்று கேட்டேன்.

"மனசால கும்பிடுங்க மேடம். சாமிக்கு அது போதும், ஆர்.டி.ஓ.வுக்கும் அது போதும்."

எனக்கு அந்த இடம் பிடித்துப்போய்விட்டது. ஒன்பதும் மூன்றும். இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் வட்டம் போட்டு விட்டம் வரைந்தவளுக்கு இதைவிட நியாயமான இடம் எது? கையை அங்கே வைத்ததுமே தோள் இறங்கிவிடும். பெரிய வண்டி எதிரே வந்தாலும் இரண்டு பக்கமும் என் பிடியில் இருப்பது தெரியும். அப்படி ஒன்று என் வாழ்க்கையில் அதற்கு முன் இருந்ததாக நினைவில்லை.

லைசென்ஸ் வந்தது. தபாலைப் பிரித்தவர் கணவர்தான். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்றார். அப்புறம், "ஆர்.டி.ஓ. குடுத்தா ஆச்சா? நான் பாக்கணும்ல" என்றார். அவருடைய தேர்வு இது: ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும் அவருடைய அக்காவை நான் காரில் தென்னூர் வீட்டில் கொண்டு விட வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். "ஒழுங்கா ஓட்டிட்டீன்னா திங்கக்கெழமைலேர்ந்து சாவி உன்கிட்ட. இல்லேன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா?"

சரி என்றேன்.

ஞாயிறு காலை, நான் அண்ணி என்று கூப்பிடும் அந்த அக்கா தரிசனம் முடித்து, பிரசாதப் பையோடு பின் சீட்டில் ஏறினார். நான் ஓட்டுகிறேன் என்று தெரிந்ததும் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். பிறகு, "எதுக்கும் நான் இந்தக் கதவோரமாவே ஒக்காந்துக்கறேன்" என்றார்.

தெருவைத் தாண்டும்வரை என்மேல் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. கணவருக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். "ஏன் இப்படி இறுக்கிப் புடிச்சிருக்க? மாவாட்டற மாதிரி இருக்கு. ரிலாக்ஸா புடி" என்றார். என் கைகள் நகரவில்லை. ஒன்பது, மூன்று.

ராஜகோபுரத்தின் முன்னால் வந்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். டூரிஸ்ட் வேன்கள், செருப்பு மாட்டிக்கொண்டிருப்பவர்கள், சாலையின் நடுவில் நின்று அண்ணாந்து போட்டோ எடுப்பவர்கள். இடது பக்கம் போலீஸ் வைத்த இரும்புத் தடுப்புகள் வரிசையாக நின்றன. நான் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்தேன்.

"கோபுரம் வந்துருச்சு" என்றார் அண்ணி பின்னாலிருந்து.

அவர் கும்பிட்டார். கணவர் கும்பிட்டார். நான் மனதால் கும்பிட்டேன். மனதால் கும்பிடுவது பின் சீட்டுக்குத் தெரியாது.

"ஏம்மா, கோபுரத்துக்குக் கை எடுக்க மாட்டியா? பெருமாளத் தாண்டிப் போறோம்!"

"ஓட்டிட்டிருக்கேன் அண்ணி."

"அதனால என்ன? ஒரு நிமிஷம் கை எடுத்தா தேஞ்சா போயிடும்?"

அப்போதுதான் என் கணவர் உலகத்தில் வேறெந்த ஊர்க் கணவருக்கும் தோன்றாத ஓர் உதவியைச் செய்தார். "நான் புடிச்சுக்கறேன், நீ கும்பிட்டுக்கோ" என்று சொல்லி, பக்கத்து சீட்டிலிருந்தபடியே வலது கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிடித்ததோடு நிற்கவில்லை. கும்பிடு இன்னும் முடியாததால் இடது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தத் தட்டுக்கு உடம்பு சாய்ந்தது, உடம்போடு வலது கையும் சாய்ந்தது, கையோடு, என் பிடியையும் மீறி, வண்டியும் இடது பக்கம் சாய்ந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். மிதிப்பதற்குள் முதல் தடுப்பு படாரென்று விழுந்துவிட்டது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. துளசி விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கூடையோடு எழுந்து நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தாள், அவ்வளவுதான். இடது விளக்கின் ஓரம் நசுங்கியிருந்தது. கூட்டம் வந்துவிட்டது. எட்டிப் பார்த்த ஒருவர், "லேடீஸ் ஓட்டறாங்கப்பா" என்று பின்னால் இருப்பவர்களுக்கு விளக்கம் கொடுத்தார். எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது.

போலீஸ்காரர் குனிந்து, "யாருங்க ஓட்டுனது?" என்று கேட்டார்.

என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரே ஒரு வாக்கியம்தான். 'நடுவுல நான்தான் சார் கை வெச்சேன்' என்று சொன்னால் போதும். நான் காத்திருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்த அதே கையால் என்னைக் காட்டினார். எனக்கு அவமானமாக இல்லை. கோபம் வந்தது, இத்தனை வருடத்தில் அவர்மேல் வராத கோபம்.

"நான்தாங்க ஓட்டுனேன்" என்றேன்.

"கூட்டத்துல பாத்துப் போங்கம்மா. அந்த பேரிகேட மட்டும் எடுத்து நிறுத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். கணவர் இறங்கிப்போய் நிறுத்தினார். முதுகு ஒத்துழைத்தது.

அதற்குள் பின் சீட்டில் தீர்ப்பு தயாராக இருந்தது. "கோபுரத்துக்குக் கை எடுக்கல. அதான் உடனே காட்டிட்டான்" என்றார் அண்ணி. திரும்பி வந்த கணவர் அதை மறுக்கவில்லை. என் பக்கத்துக் கதவருகில் வந்து நின்றார்.

"சரி, எறங்கு. நான் ஓட்டறேன்."

என் கைகள் ஒன்பதிலும் மூன்றிலும் இருந்தன. இப்போது எடுத்தால் திரும்ப அங்கே வைக்க விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை கம்பியைத்தான் பிடிக்க வேண்டும். அடுத்த நான்கு வருடமும் அதைத்தான்.

"நான் எறங்கல. வரதுன்னா அந்தப் பக்கம் ஏறுங்க" என்றேன்.

"என்ன பேச்சு இது? ரோட்டுல நிக்கறோம்."

"ரோட்டுலதான் நிக்கறோம். பின்னாடி வேன்காரன் ஹார்ன் அடிக்கறான். ஏறுங்க. ஏறினதும் ரெண்டு கையையும் கூப்பிக்குங்க. தென்னூர் வரைக்கும் எடுக்கக் கூடாது. அப்பத்தான் அது ரெண்டும் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அவர் அக்காவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். சுற்றி வந்து ஏறினார். கையைக் கூப்பினார்.

அம்மா மண்டபம் தாண்டி, பாலம் ஏறினோம். எதிரே வந்த டவுன் பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர் என் கணவரைப் பார்த்துப் பதிலுக்குக் கும்பிட்டார். வேன்காரன் அடித்த ஹார்னில் நான் சொன்னது காதில் விழாத பின் சீட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏன்டா தம்பி, இன்னும் கும்பிட்டுக்கிட்டே வர?"

"சும்மா வாக்கா" என்றார்.

தென்னூரில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டேன். அவர் கை நீட்டவில்லை.