ஓரத்தில் நின்றவர்

செங்கல்பட்டில் இருந்த எங்கள் சின்ன அருங்காட்சியகத்துக்கு மழைக்கு ஒதுங்கத்தான் ஆட்கள் வருவார்கள். உடைந்த சிலைகள், பழைய படங்கள், காவலுக்கும் விளக்கம் சொல்லவும் நான் ஒருவன். எழுபத்து நாலில் ஒருநாள், மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஆதியம்மாள் உள்ளே வந்தாள். நாற்றம் தாங்காமல் எரிந்து விழுந்தேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"எங்க தேவனேரி ஆளுங்க படம் ஒண்ணு இங்க கீதாமே சார்? எங்க நைனா அதுல கீறாராம்."

அவள் வயிற்றில் இருக்கும்போதே அப்பா ஜம்புலிங்கம் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. ஐம்பது வயதாகியும் அவர் முகம் அவளுக்குத் தெரியாது. கேட்டபோதெல்லாம் அம்மா, "கண்ணாடியில பாரு, அப்டியே உன் மூஞ்சிதான்" என்று வாயை அடைத்துவிடுவாளாம். சித்தப்பா தேசப்பன்தான் சாகக் கிடந்தபோது இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னாராம்.

அது யாரோ ஒரு வெள்ளைக்காரர் எடுத்தது. கட்டுமரத்தை ஒட்டிச் சில மீனவர்கள். தினமும் தூசு தட்டுகிறேனே தவிர, ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

"இது தேசப்பன் சித்தப்பா. பல்லக் காட்டிகினு நிக்கிறாரு பாரு. இது சடையப்பன் மாமா."

ஒவ்வொருவராகச் சொல்லி வந்தவள் ஓரத்தில் நின்றவரிடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். அவர் இடது கையால் முகத்தை மூடியிருந்தார்.

"யாரும்மா அது?"

அவள் தன் இடது கையை விரித்துக் காட்டினாள். கட்டைவிரலை ஒட்டி ஆறாவதாக ஒரு விரல். படத்தில் இருந்த கையிலும் அது இருந்தது.

"படம் புடிச்சா ஆயுசு கொறஞ்சிடும்னு அப்பல்லாம் எங்க குப்பத்துல பயம் சார். புகையில குடுத்தாங்கன்னு மத்தவங்க நின்னுட்டாங்களாம். எங்கம்மா அப்ப முழுகாம இருந்துச்சு. என்னப் பாக்கணும்னுதான் இவரு மூடிகினாரு."

அவள் சொன்னதைப் பார்த்தால், முகம் காட்டிய அத்தனை பேரும் பேரன் பேத்தி எடுத்துவிட்டுத்தான் போனார்கள். மூடிக்கொண்டவர் அந்த வருஷமே போய்விட்டார். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

படங்களைத் தொடக் கூடாது என்பது விதி. அவள் அந்தக் கைமேல் தன் கையை வைத்தபோது நான் சும்மா நின்றேன்.

"நான்தான் வந்துட்டேனே, கைய எடு நைனா" என்றாள்.